நெட்டை ரேடியேட்டரும் கதவோரம் நின்ற சம்பந்தியும்

போன குளிர்காலம் முழுக்க எங்கள் தெருவில் ஓடிய பேச்சு இது: தன் மகளைப் பெண் கேட்க வந்த சித்கி சாரை பாகிஸே உட்காரக்கூட விடவில்லை. செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில், கதவோரமாக நிற்க வைத்தே பெண் கேட்க வைத்தாள். ரொட்டிக் கடையில் இது "நிற்க வைத்தாள்" என்றுதான் கிளம்பியது. பள்ளிவாசல் பக்கம் போய்ச் சேர்வதற்குள் "கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னாள்" என்று ஆகியிருந்தது. பேருந்து நிலையத்தைத் தொட்டபோது மனுஷன் மண்டியிட்டே விட்டார். இன்னும் இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தால் பாகிஸே அவரைத் தூக்கில் போட்டிருப்பாள்.

நான் முடி வெட்டுகிறவன். துருக்கியில் எர்ஸுரும் ஊரில், பாகிஸே குடியிருக்கும் கட்டடத்தின் அடியில்தான் என் கடை. அவள் என் பெரியம்மா மகள் வேறு. அன்றைக்கு அதே அறையில், அதே கதவோரத்தில், வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தவன் நான். ஆகவே நடந்ததை நான் சொல்கிறேன். வதந்தியைவிட அது நன்றாகவே இருக்கும்.

பாகிஸே சர்க்கரை ஆலை கான்டீனில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு தடவை பருப்பு சூப் தண்ணியாக இருக்கிறது என்று மேலாளர் ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார். இவள் அண்டாவை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் மேசையில், காகிதங்களுக்கு மேலேயே வைத்தாள். "நீங்க வாங்கிக் குடுத்த பருப்பு இதுக்குள்ளதான் எங்கயோ இருக்கு சார். கண்டுபிடிச்சா கூப்பிடுங்க, நானும் பாக்கணும்." அதற்குப் பிறகு அந்த ஆலையில் சூப்பைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. குடிக்க மட்டும்தான் திறந்தார்கள்.

அவள் கணவர் ஹம்தி. ரயில் நின்றதும் சுத்தியலோடு இறங்கி, சக்கரத்தைத் தட்டித் தட்டி விரிசல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பாரே, அந்த வேலை. எங்கள் ஊர்க் குளிரில் முப்பது வருஷம் தட்டியவருக்கு உடம்பில் சேர்ந்த பனி இன்னும் உருகி முடியவில்லை. ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து, வரவேற்பறை ஜன்னலுக்குக் கீழே இருந்த ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். சாப்பிடவும் தொழவும் மட்டும் எழுந்தார். பொது வெந்நீர்க் குளியல் கூடத்தில் நான் பார்த்திருக்கிறேன், அவர் முதுகில் ரேடியேட்டரின் வரிகள் அப்படியே பதிந்திருக்கும். தோசைக்கல்லில் கோடு போட்ட மாதிரி.

அந்த ரேடியேட்டர் சும்மா அறையைச் சூடாக்குகிற இரும்பு இல்லை. சமையலறை பாய்லரிலிருந்து சுடுதண்ணீர் வந்து அதற்குள் ஓடும், அது சரி. ஆனால் அதன் மேல்தான் ஹம்தியின் காலுறை காயும், கம்பளி உள்ளாடை காயும், ரொட்டி மாவு பொங்கும், தயிர் உறையும். விருந்தாளி வந்தால் இதையெல்லாம் அள்ளிக் குளியலறையில் எறிந்துவிட்டு, மேலே ஒரு பூப்பின்னல் துணியை விரித்துவிடுவாள் பாகிஸே. வீட்டில் சத்தம் போடாமல் உழைத்த ஒரே ஜீவன் அதுதான்.

இவர்களுக்கு ஒரே மகள், ஃபெர்தா. மழலையர் பள்ளி ஆசிரியை. கேட்டு வந்தவர்களை வரிசையாகத் திருப்பி அனுப்பியவள். ஒருவன் மெல்லும்போது காது அசைகிறது என்றாள். இன்னொருவன் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதற்கு முன் அம்மா முகத்தைப் பார்க்கிறான் என்றாள். பாகிஸே கை கழுவிவிட்ட நேரத்தில், ஒரு நாள் அவளே வந்து சொன்னாள்: அல்பெர் என்று ஒரு மாட்டு டாக்டர், அவனைத்தான் கட்டிக்கொள்வேன்.

"நாள் முழுக்க மாட்டுக்குள்ள கைய விட்டுக்கிட்டு நிக்கிறவனா?" என்றாள் பாகிஸே.

"அவன் கை கழுவுறான்மா. மத்தவனுங்க எதுக்குள்ளயும் விடாமலே அழுக்கா இருந்தானுங்க."

பையனில் குறை இல்லை. சிக்கல் அவன் அப்பா, சித்கி சார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஊரில் பாதிப் பேர் காதை அவர் முறுக்கியிருக்கிறார், என் காது உட்பட. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம்: தன்னை எங்கே உட்கார வைக்கிறார்கள். தங்கை மகன் கல்யாணத்தில் மேளக்காரனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள் என்று பரிசோடு வீட்டுக்குத் திரும்பினார். மூத்த மகனுக்குப் பெண் கேட்கப் போன வீட்டில், கோட்டு மாட்டும் கொக்கிக்குக் கீழே உட்கார வைத்தார்களாம். வாயைத் திறக்காமல் தேநீரைக் குடித்தார், வானிலையைப் பற்றிப் பேசினார், எழுந்து வந்துவிட்டார். கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. அந்தப் பெண் இன்னொருவனுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டாள். மூத்த மகன் இன்னும் தனியாகத்தான் முட்டை பொரித்துக்கொண்டிருக்கிறான்.

பாகிஸேவுக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. அவளைப் பெண் கேட்க வந்தபோது ஹம்தியின் மாமாவை யாரோ கவனிக்காமல் கதவோரம் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஆள் கல்யாணத்துக்கு வந்து, புகைப்படத்தில் புளித்த மூஞ்சியோடு நின்றுவிட்டுப் போனார். அதன்பின் சாகும்வரை அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் இவள்தான் பலகாரம் தூக்கிக்கொண்டு போய் அவர் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டாள், தான் செய்யாத தப்புக்கு. "என் பொண்ணுக்கு அந்தக் கதி வரக் கூடாது" என்று என் கடையில் வந்து சொன்னாள். சொல்லும்போது என் கத்தரியை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். நான் தலையை ஆட்டினேன்.

எங்கள் பக்கத்தில் மரியாதை என்பது கதவிலிருந்து எத்தனை தூரம் என்பதுதான். கதவுக்கு எட்டத்தில், ஜன்னலோரம், அறையின் தலைப்பக்கம் பெரியவர்களுக்கு. கதவுப் பக்கம் வீட்டுக்காரர்கள், தட்டு தூக்குகிறவர்கள், ஏழைச் சொந்தம், அதாவது நான். பாகிஸே சித்கி சாருக்கென்றே ஒரு நாற்காலி வாங்கினாள். உயர்ந்த முதுகு, சிவப்பு வெல்வெட், கால்களில் சிங்கப் பாதம். சுல்தான் கூட அதில் உட்கார்ந்தால் கொஞ்சம் கூச்சப்படுவார். அதை மேலே தூக்கிக் கொண்டுபோய்ப் பார்த்தால், தலைப்பக்கத்தில் இடமில்லை. அங்கே ரேடியேட்டர் இருக்கிறது, ரேடியேட்டருக்கு முன்னால் ஹம்தி இருக்கிறார். அதற்கும் முன்னால் போட்டால் நாற்காலி அறை நடுவே துருத்திக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருக்கிற மாதிரி நிற்கிறது.

அப்போதுதான் அவள் தொலைக்காட்சித் தொடரில் அந்தப் பணக்கார வீட்டைப் பார்த்தாள். சுவரோடு சுவராக, ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற ரேடியேட்டர். கரும் சாம்பல் நிறம். அகலம் ஒன்றுமில்லை, எல்லாம் உயரம்தான். எங்கே வேண்டுமானாலும் செருகலாம். அவள் வீட்டில் காலியாக இருந்த ஒரே சுவர், கதவுக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத் துண்டு.

பிளம்பர் ருஸ்தெம் வந்தான். வாய் ஓயாதவன். குழாயைவிட அவன் வாயில்தான் ஒழுக்கு அதிகம்.

"மாட்டிடலாம்க்கா. இப்ப எல்லாரும் நெட்டைதான் போடுறாங்க. இந்தக் குட்டைய வெச்சிருக்கிறது கௌரவமே இல்ல."

ஹம்தி தரையில் இருந்தபடியே கேட்டார்: "ஏம்பா, அத கதவுகிட்ட மாட்டினா ஜன்னல் பக்கம் சூடு எப்பிடி வரும்?"

"மாமா, சூட்டுக்குக் காலு இருக்கு. நீங்க அறைக்குள்ள விட்டாப் போதும், அதுவே நடந்து போயிரும்."

"எனக்கும்தான் காலு இருக்கு. நான் நடந்து போறனா?"

"நீ போவ" என்றாள் பாகிஸே. "எந்திரி ஹம்தி. உன் காலம் முடிஞ்சுது."

தண்ணீரை வடித்தார்கள். பழைய ரேடியேட்டரைக் கழற்றியதும் வயிற்றிலிருந்து மை மாதிரி கருப்புத் தண்ணீர் கக்கியது. ஹம்தி பேசினைப் பிடித்துக்கொண்டு, நோயாளிக்கு வாந்தி பிடிக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ருஸ்தெம் சுவர் அடியோரமாகக் குழாயைக் கதவுவரை இழுத்தான். பிறகு சுவரில் துளை போட்டான். எங்கள் கட்டடத்துச் செங்கல் பூராவும் உள்ளே பொள்ளல், தட்டினால் பானை மாதிரி சத்தம் கேட்கும். துளைக் கம்பி ஒரே மூச்சில் மறுபக்கம் படுக்கையறைக்குள் போய் வெளியே வந்தது. அங்கே மாட்டியிருந்த கல்யாணப் புகைப்படத்தில், சரியாகப் புளித்த மூஞ்சி மாமாவின் மூக்கு இருந்த இடத்தில்.

ருஸ்தெமுக்கு நாக்கு முதல் தடவையாக ஒட்டிக்கொண்டது. பாகிஸே போய்ப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"நல்ல எடம் பாத்துத்தான் வந்திருக்கு. அப்பிடியே விடு" என்றாள்.

பெரிய பெரிய ஆணி அறைந்து ஒருவழியாக நெட்டையை நிறுத்தினார்கள். அதன் தலையில் காற்று அடைத்துக்கொள்ளுமாம். ருஸ்தெம் ஸ்டூல் போட்டு ஏறிச் சாவியைத் திருகினான். உஸ்ஸென்று காற்று போய், ஒரு வாய் தண்ணீர் அவன் கண்ணிலேயே அடித்தது. பாய்லரைப் போட்டார்கள். பாகிஸே நெட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாள், சுரீரென்று எடுத்தாள். "தீயா இருக்கு!" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் தேவை. பூப்பின்னல் துணியை எடுத்துக்கொண்டு வந்து அதை எங்கே விரிப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நெட்டைக்கு மேல்பக்கமே இல்லை. கடைசியில் அதன் உச்சியில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டாள். பார்ப்பதற்கு இமாம் வீட்டுக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

இப்போது கேளுங்கள், தப்பு எங்கே நடந்தது என்று. அந்த அறையில் யாராவது ஒருவர், ஒரு கால் மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் விருந்தாளிக்காகத் துடைத்து வைத்த அறையில் வீட்டுக்காரன் உட்காருவானா? பாகிஸே நாற்காலிக்கு வெள்ளைத் துணி போர்த்தினாள், அறையைப் பூட்டினாள், சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஹம்தி கெஞ்சினார்: "ஒரே ஒரு தடவ உக்காந்து பாக்குறேன். சரியா இருக்கான்னு."

"உன் உடம்பு பட்ட நாற்காலியிலயா சித்கி சார் உக்காருவாரு? போ, ஜெவாத் கடைக்குப் போ. அங்க அடுப்பு இருக்கு."

ஜெவாத் நான்தான். ஹம்தி என் கடை அடுப்போரம் வந்து உட்கார்ந்து, வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் "சூட்டுக்குக் காலு இருக்காம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண் கேட்க வந்த அன்று மாலை, வெளியே காறித் துப்பினால் தரையில் விழுவதற்குள் கல்லாகிற குளிர். சித்கி சார், அவர் மனைவி, மாப்பிள்ளை அல்பெர், கூட இரண்டு உறவுக்காரர்கள். வெள்ளித் தட்டில் சாக்லேட், கையில் பூ. செருப்பைக் கழற்றி, வீட்டுக்காரர் கொடுத்த துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். சித்கி சார் கதவருகே நின்று அறையை ஒரு பார்வை பார்த்தார். தலைப்பக்கத்தில் சிவப்பு வெல்வெட் மின்னிக்கொண்டிருந்தது. திரைச்சீலையை விலக்கி, மலைமேல் பனிச்சறுக்குக்காரர்கள் போடும் விளக்கு வரிசை அவருக்குப் பின்னால் தெரிகிற மாதிரி பாகிஸே ஏற்பாடு செய்திருந்தாள். மனுஷன் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை நான் பள்ளிக்கூடத்தில் பார்த்ததே இல்லை. போய் உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவினார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார், "பாத்தியா" என்று.

கதவோரம் ஹம்தியும் நானும். என் தோளுக்குப் பக்கத்தில் நெட்டை. கொஞ்ச நேரத்தில் என் கழுத்துப்பட்டைக்குள் வியர்வை இறங்கியது. ஹம்தி கண்ணை மூடி, முதுகை மெல்ல மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்த்தி, ஒரு இடத்தில் நிறுத்திப் பெருமூச்சு விட்டார். நெட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். நெற்றியிலிருந்து முத்து முத்தாக வழிந்தது.

"ஹம்தி அண்ணே, உடம்புக்கு ஏதாவது?" என்றார் சித்கி சார் தூரத்திலிருந்து.

"ஒண்ணுமில்ல சார். சந்தோஷம்."

அந்தப் பக்கம் கதை வேறு. பழைய ரேடியேட்டர் ஜன்னலுக்கடியில் இருந்தவரை, மரச்சட்டத்து இடுக்கில் நுழைகிற குளிரை அது காவல்காரன் மாதிரி மறித்து நின்றது. காவல்காரன் போனதும் குளிர் சுதந்திரமாக உள்ளே வந்து நேராகச் சித்கி சார் பிடரியில் இறங்கியது. அவர் கோட்டுக் காலரைத் தூக்கினார். பிறகு ஏதோ யோசிப்பவர் மாதிரி கையை அக்குளுக்குள் வைத்தார்.

பாகிஸே கொலோன் என்கிற எலுமிச்சை வாசனைத் திரவியத்தைக் கொண்டுவந்தாள். விருந்தாளி கையில் ஊற்றாவிட்டால் மரியாதை இல்லையே. ஊற்றினாள். ஈரம் ஆவியாகிற போது கை என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், அதுவும் ஏற்கனவே விறைத்த கை. சித்கி சார் உடம்பு ஒரு தடவை முழுசாக உதறி அடங்கியது. பாகிஸேவுக்கு அவர் விரல் பட்டதும் முகம் மாறிவிட்டது. என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். சமையலறைக்குள் போனோம். ஃபெர்தா காப்பிக் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டேய் ஜெவாத், அந்தாளு கை ஐஸ்ல வெச்ச மீனு மாதிரி இருக்குடா."

"அம்மா, அவரு உதடு கத்திரிக்காய் நெறத்துல இருக்கும்மா. அல்பெரும் நடுங்குறான்."

"சரிக்கா, எங்க பக்கம் வந்து உக்காரச் சொல்லிரலாமே. அங்க குளியல் கூடம் மாதிரி கொதிக்குது."

பாகிஸே என்னை ஒரு பார்வை பார்த்தாள். பருப்பு அண்டாவைத் தூக்கியபோது மேலாளரை இப்படித்தான் பார்த்திருப்பாள். "எங்கடா? கதவுகிட்டயா? செருப்புக்குப் பக்கத்துலயா? சித்கி சார், எந்திரிங்க, அந்த எடம் உங்களுக்கு அதிகம், இங்க வந்து நம்ம நாவிதன் பக்கத்துல குந்துங்கன்னு சொல்லவா? நேரா லிஃப்டுல எறங்கிப் போயிருவாரு. என் பொண்ணு அந்த முட்டை பொரிக்கிறவனுக்குத் தொணையா தனியா ஒரு சட்டிய வெச்சிக்க வேண்டியதுதான்."

"ஒரு கம்பளி குடுத்தா?"

"கெழவன்னு சொல்ற மாதிரி ஆயிரும்."

அதுதான் நிலைமை. வீட்டில் சூடான இடம் ஒன்றே ஒன்று. அதை யாருக்குக் கொடுத்தாலும் அவமானம். மரியாதைக்கு இடம் வேண்டும் என்று அவளே பழைய ரேடியேட்டரை வெளியே எறிந்தாள். இப்போது மரியாதை உறைந்துகொண்டிருந்தது.

"தேத்தண்ணி" என்றாள். "நிறுத்தாம குடு. உள்ளேருந்தாவது சூடாவட்டும்."

காப்பி போனது. மாப்பிள்ளையின் காப்பியில் வழக்கப்படி உப்பு. அவன் முகம் சுளிக்காமல் குடித்துக் காட்ட வேண்டும். அல்பெர் முகம் சுளிக்கவில்லை, ஆனால் குவளை தட்டில் கடகடவென்று தாளம் போட்டது. அவன் அம்மா, "உப்பு ரொம்பவாப்பா?" என்றாள். "இ-இ-இனிப்பா இருக்கும்மா" என்றான். ஃபெர்தா அந்த இடத்திலேயே அவனைக் கட்டிக்கொண்டிருப்பாள், காதலுக்குப் பாதி, கதகதப்புக்குப் பாதி.

பிறகு தேநீர். எங்கள் ஊரில் கட்டிச் சர்க்கரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு குடிப்போம். விருந்தாளி கரண்டியைக் குவளைமேல் குறுக்கே வைக்கிறவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சித்கி சார் கரண்டியை வைக்கவே இல்லை. குவளையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். சூடு ஆறுவதற்குள் குடித்தார், அடுத்ததைப் பிடித்தார். வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாகிஸே வெளிறிப் போனாள். மூத்த மகன் விஷயத்திலும் வானிலைதான் பேசினார் என்று அவளுக்குத் தெரியும்.

இவ்வளவு தேநீர் உள்ளே போனால் வெளியேயும் வர வேண்டுமில்லையா. சித்கி சார் எழுந்து கழிப்பறைக்குப் போனார். திரும்பி வரும்போது கதவைத் தாண்டி ஒரு அடி வைத்தவர், நின்றுவிட்டார். பக்கத்தில் ஏதோ தன்மேல் மூச்சு விடுவது போலத் திரும்பிப் பார்த்தார்.

"இது என்ன, நிலைக்கண்ணாடியா?"

"ரேடியேட்டர் சார்" என்றேன். "நெட்டை ரகம்."

"ஓ." கையை நீட்டினார். எடுக்கவில்லை. "நல்ல வேலைப்பாடு. இத்தாலிச் சரக்கோ?"

"கொஞ்சம் உக்காருங்க சார், உங்க எடம் காலியா இருக்கு" என்றாள் பாகிஸே பதறி.

"ஆமா, ஆமா" என்று போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சிறைக்குத் திரும்புகிற மாதிரி. மறுபடி தேநீர். மறுபடி கழிப்பறை. இந்தத் தடவை திரும்பி வரும்போது பின்னலைப் பாராட்டினார், குழாய் எந்தப் பக்கம் வருகிறது என்று விசாரித்தார், குனிந்து அடிவரைக்கும் பார்த்தார். மூன்றாவது தடவை அவர் கழிப்பறை வரைக்கும் போகவேயில்லை. கதவருகே வந்து, ஹம்திக்கும் நெட்டைக்கும் நடுவே இருந்த இடுக்கில் புகுந்து, திரும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதுகையும் அதற்குக் கீழே உள்ளதையும் இரும்போடு ஒட்டி நின்றார். ஹம்தி முன்னால் தள்ளப்பட்டார். சித்கி சார் கண்கள் தானாக மூடிக்கொண்டன. ஒரு தலைமையாசிரியர் வாயிலிருந்து வரக்கூடாத ஒரு முனகல் வந்தது.

பெரியவர் நின்றால் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. அவர் மனைவி எழுந்தாள். அல்பெர் எழுந்தான். எல்லோரும் எழுந்தோம். அறை முழுக்க ஆட்கள் நிற்க, சிவப்பு வெல்வெட் மட்டும் காலியாக இருந்தது. எதிர் வீட்டு நெஸாஹத் தேநீர்க் குவளை போதுமா என்று கேட்க வந்தவள், திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தது இந்தக் காட்சியைத்தான். பார்த்தாள், போனாள், மீதியை நீங்கள் ரொட்டிக் கடையில் கேட்டிருப்பீர்கள்.

பாகிஸே முந்தானை மாதிரித் தலைத்துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். கிளம்பத்தான் எழுந்துவிட்டார், போகிற வழியில் குளிர் காய்கிறார் என்று நினைத்துவிட்டாள். சித்கி சார் கண்ணைத் திறந்தார். தன்னையே எல்லோரும் பார்ப்பதைக் கண்டார். எதற்கு வந்தோம் என்று ஞாபகம் வந்தது போலிருந்தது. நாற்காலியைப் பார்த்தார். அந்தத் தூரத்தைப் பார்த்தார். இரும்பை விட்டு ஒரு விரல்கூட நகரவில்லை.

"ஹம்தி அண்ணே" என்றார் தொண்டையைச் செருமி. "அல்லாவோட கட்டளைப்படி, நபியோட வாக்குப்படி, உங்க பொண்ணு ஃபெர்தாவ எங்க பையன் அல்பெருக்குக் கேக்குறோம்."

இதற்கு வழக்கமான பதில் இருக்கிறது. பெண்ணின் அப்பன் கொஞ்சம் தலை குனிய வேண்டும், கொஞ்சம் யோசிக்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சம்மதமென்றால் நாங்கள் என்ன சொல்வது என்று இழுக்க வேண்டும். ஹம்திக்கு முதுகு குளிர ஆரம்பித்திருந்தது.

"குடுத்தோம் சார், குடுத்தோம்" என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

பாகிஸே கண்ணை மூடிக்கொண்டாள். இடத்துக்காகக் கல்யாணத்தையே விட்டு எழுந்து போன மனுஷனைப் பார்த்து, தள்ளி நில் என்கிறார் இவர்.

சித்கி சார் ஹம்தியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்தார். "வாங்க சம்பந்தி. ரெண்டு பேருக்கு எடம் இருக்கு."

மோதிரம் மாற்றியபோது இரண்டு அப்பன்மாரும் அங்கிருந்து அசையவில்லை. பிள்ளைகள்தான் ஒரே நாடாவில் கட்டிய இரண்டு மோதிரத்தோடு அவர்களிடம் வந்தார்கள். பெரியவர்தான் நாடாவை வெட்ட வேண்டும் என்பது வழக்கம்; சித்கி சார் நின்ற இடத்திலிருந்தே கத்தரியால் வெட்டினார். பாகிஸே அழுதாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கத்தரி அவளுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

வசந்தத்தில் கல்யாணம் முடிந்தது. நெட்டை அங்கேயேதான் இருக்கிறது. சிங்கப் பாத நாற்காலியில் இப்போது காய்ந்த துணி மடித்துக் கிடக்கிறது. ஹம்தி தன் வீட்டிலேயே ஆகக் கடைசி இடத்தில், செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக இருக்கிறார். சம்பந்தி வந்தால் இருவரும் நெட்டையோடு ஒட்டி நின்றுகொண்டு ரயில், பள்ளிக்கூடம் எல்லாம் பேசுகிறார்கள். உட்காருங்கள் என்று சொல்வதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

நான் இதையெல்லாம் கடையில் ஒருவருக்கு, முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மரியாதையாகத்தான் சொன்னேன், சாருக்கு இடுப்புப் பக்கம் லேசாகக் குளிர் என்று. பின்னால் கதவு திறந்தது. ஹம்தியைத் தேடிக்கொண்டு வந்த பாகிஸே.

"என்னடா சொல்ற? நான் நிக்க வெச்சேன்னா?"

"ஊரு சொல்லுதுக்கா. நான் உண்மைய..."

"உண்மைய நான் சொல்றேன் கேளு. நான் யாரையும் நிக்க வெக்கல. உக்காருங்க உக்காருங்கன்னு தொண்ட கிழியக் கத்தினேன். அந்தாளுக்குக் குண்டி குளுந்துச்சு, நின்னாரு. அவ்வளவுதான். எவன் கேட்டாலும் இப்பிடியே சொல்லு. குண்டின்னே சொல்லு, இடுப்புன்னு மாத்தி மரியாத பண்ணாத."